குடும்ப ஆலோசனை: எழுத்தில் கிடைக்கும் சிநேகம்



பிழைப்புக்காக ஊரைவிட்டுப் பெருநகரங்களில் வந்து குடியேறியவர்களுக்குச் சிநேகத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மும்பையின் தாராவியிலோ, பெங்களூரின் அல்சூரிலோ, தில்லியின் கரோல்பாக்கிலோ வந்திறங்கிய முதல் மாதத்தில், தமிழில் பேச ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கிய நாட்களை நம்மில் பலர் அறிவோம். கடை வாசலில் யாரோ ஒருவர், "நீங்களும் திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டால் போதும், அரைமணி நேரத்திற்குள் அவர் நமக்கு அண்ணாச்சி ஆகிவிடுவார். அடுத்த வாரமே அவர் வீட்டுக் குழம்பு நம் வீட்டிற்கு வந்துவிடும். பேச்சு, சிரிப்பு, கைகுலுக்கல், குசலம் விசாரித்தல் ஆகிய இந்த வாசல் வழியாகத்தான் நமக்குச் சிநேகம் வருகிறது. ஆகவே சிநேகத்திற்கு வேறு வாசலே இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் இந்த வாசலில் நுழைய இயலாத பிள்ளைகளும் நம் இல்லங்களில் வளர்ந்து பெரியவர்களாகியிருக்கிறார்கள். இப்படி ஒரு வீட்டைச் சிந்தித்துப் பாருங்கள். மகனுக்கு வயது இருபத்தெட்டு. கணக்கெழுதும் வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறான். விருந்தினர் வந்தால் ஒரு வார்த்தை பேசுவதில்லை; முகம் பார்ப்பதில்லை; அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு வெகுநேரம் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். "என் பிள்ளைக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லையே! எங்கள் காலத்திற்குப் பின் இவனை யார் விசாரிப்பார்கள்?" என்று தாய் கண்ணீர் விடுகிறாள். அவளுடைய பாரம் உண்மையானது. ஆயினும் கதவுக்குப் பின்னால் அவன் என்ன செய்கிறான் என்பதை அவள் அறியவில்லை. ரயில்வே சிக்னல்களைப் பற்றி நான்கு பேருடன் ஆறு ஆண்டுகளாக எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறான்! அவன் இரண்டு நாள் எழுதாவிட்டால், "என்ன ஆயிற்று? நலந்தானா?" என்று அந்த நால்வரும் கேட்கிறார்கள். இது சிநேகம் அல்லவென்றால், சிநேகம் என்பது வேறென்ன?

இந்த மாதம் நாம் சிந்திக்கப்போவது இதைப்பற்றித்தான். ஆட்டிசம் உடைய பெரியவர்கள் தங்கள் வேலையையும் விருப்பங்களையும் குறித்து எழுதிப் பேசுவதன் வழியாகக் கண்டடையும் சிநேகம் மெய்யான சிநேகமே. அதைக் குடும்பம் கண்டுகொள்ள வேண்டும், காத்துக்கொடுக்கவும் வேண்டும்.

ஆட்டிசம் சிறுபிள்ளைகளுக்கு மட்டுமா?

1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே ஆட்டிசம் என்ற சொல் இன்றைய பொருளில் பரவலாயிற்று. அது குழந்தைகளைக் குறித்த கட்டுரை ஆனபடியால், ஆட்டிசம் என்றாலே சிறுபிள்ளைகளின் நினைவுதான் நமக்கு வருகிறது. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள் அல்லவா? அக்கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்றவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, பல நாடுகளுக்குப் பயணம் செய்து, 2023-ல் தமது 89-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய விசித்திரமான பழக்கங்களை அவ்வூரார் அறிந்திருந்தும் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டனர்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. அதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தாயின் அன்புக் குறைவால் வருவது என்று ஒரு காலத்தில் சிலர் எழுதியது பொய்யென்று நெடுநாளைக்கு முன்பே தள்ளப்பட்டுவிட்டது. அது யாரோ செய்த பாவத்தின் பலனும் அல்ல, சாபமும் அல்ல. அறிவில் சிறந்து விளங்குவோரும் அதில் உண்டு. நாள்முழுதும் பிறர் உதவி வேண்டியவர்களும் உண்டு. வாய் பேசாமல் எழுத்தால் மட்டும் பேசுவோரும் உண்டு. முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியே அழைக்கப்பட்ட நிலையையும் 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசம் என்ற ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல்தான் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிகிறவர்கள் அநேகர். பெண்களுக்கு இன்னும் தாமதமாகிறது. ஏனெனில் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்துத் தங்கள் சிரமத்தை மறைத்துக்கொள்ள அவர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

முகமுகமாய்ப் பேசுவது ஏன் பாரமாகிறது?

நாம் ஒருவரோடு பேசும்போது உள்ளபடியே எத்தனை வேலைகளைச் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வார்த்தைகளைக் கேட்கிறோம், அதே நேரத்தில் அவர் முகத்தைப் படிக்கிறோம், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கிறோம், எப்பொழுது அவர் நிறுத்துவார், எப்பொழுது நாம் தொடங்கலாம் என்று கணக்கிடுகிறோம். மின்விசிறியின் ஓசை, தெருவின் இரைச்சல், குழல் விளக்கின் துடிப்பு இவற்றையெல்லாம் தள்ளிவிடுகிறோம். இவை நமக்குத் தாமாகவே நடந்தேறுகின்றன. ஆட்டிசம் உடையவர்களில் பலருக்கோ இவற்றில் ஒவ்வொன்றையும் முயன்று செய்யவேண்டியிருக்கிறது. ஒரு திருமண வரவேற்பில் இரண்டு மணிநேரம் இருந்துவிட்டு வந்தால் மறுநாள் முழுவதும் படுத்துவிடும் அளவுக்குக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. பார்க்கிறவர்களோ, "பெருமை பிடித்தவன்" என்கிறார்கள்.

எழுத்தில் பேசும்போது இந்தப் பாரங்களில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. முகத்தைப் படிக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் உடனே பதிலை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. பத்து நிமிடமோ ஒரு நாளோ சிந்தித்து எழுதலாம். எழுதியதைத் திருத்தலாம். முன்பு பேசியதை மறுபடியும் வாசித்துப் பார்க்கலாம். களைப்பானால் யாரையும் புண்படுத்தாமல் எழுந்துபோகலாம். எதைப்பற்றிய பேச்சு என்பது முதலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு தெருவில் ஒருவனாக இருப்பவன், தன்னைப் போன்ற நூறு பேரை ஊர் எல்லையும் நாட்டெல்லையும் கடந்து கண்டடைகிறான்.

தனித்தனியே இருந்தவர்கள் ஒன்றுகூடிய வரலாறு

1992-ல் ஜிம் சின்க்ளேர், கேத்தி கிராண்ட் என்னும் அமெரிக்கர்களும், டோனா வில்லியம்ஸ் என்னும் ஆஸ்திரேலிய எழுத்தாளரும் சேர்ந்து ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூவரும் ஆட்டிசம் உடையவர்கள். அதுவரை ஆட்டிசத்திற்கான சங்கங்களைப் பெற்றோரும் மருத்துவர்களுமே நடத்திவந்தனர். ஆட்டிசம் உடையவர்கள் தாங்களே நடத்திய அமைப்பு அதற்கு முன் அரிது. அவர்கள் கடிதங்களாலும் செய்தி மடலாலும் தொடர்புகொண்டனர். 1994-ல் மின்னஞ்சல் குழு ஒன்றைத் தொடங்கினர். 1996-ல் நெதர்லாந்தின் மார்ட்டின் டெக்கர் என்பவர் மற்றொரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இவர்கள் எவ்வளவு முந்திக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

அந்தக் குழுக்களில் அவர்கள் பேசியது நோயைப் பற்றி மட்டுமல்ல. வேலை, படிப்பு, வீடு, விருப்பங்கள், மற்றவர்களின் விசித்திரமான வழக்கங்கள் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். வாழ்நாள் முழுவதும், "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்ற கேள்வியையே கேட்டுவந்தவர்கள், முதன்முறையாக, "நானும் அப்படித்தான்" என்ற பதிலைக் கேட்டார்கள். அந்த ஆறுதலை அளந்து சொல்ல முடியுமா? மூளைகள் பலவிதமாயிருப்பது மனித இனத்தின் இயல்பே என்னும் 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து இத்தகைய குழுக்களில் பலர் கூடிப் பேசியதிலிருந்தே உருவாயிற்று. 1998-ல் சிட்னியின் ஜூடி சிங்கர் தமது ஆய்வேட்டிலும், அமெரிக்காவின் ஹார்வி ப்ளூம் பத்திரிகைக் கட்டுரையிலும் அச்சொல்லை எழுதினார்கள்.

எழுத்தில் தொடங்கிய சிநேகம் எழுத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1996 முதல் அந்த அமெரிக்க அமைப்பினர் ஆண்டுதோறும் பல நாட்கள் ஒரே இடத்தில் கூடித் தங்கினார்கள். அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒருவர் சட்டையில் சிவப்பு அட்டை அணிந்திருந்தால், "இப்போது என்னோடு பேச வேண்டாம்" என்று பொருள். மஞ்சள் அட்டை என்றால், "முன்பே தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம்" என்று பொருள். யாரும் அதைக் கண்டு மனம் நோகவில்லை. கூட்டத்தில் இருக்கவும் வேண்டும், பேசாமல் இருக்கவும் வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

பொருளில் பிறக்கும் சிநேகம்

நமக்குச் சிநேகம் ஆளிலிருந்து தொடங்குகிறது. முதலில் ஆளைப் பிடிக்கிறது. பிறகு பேசுவதற்கு ஏதாவது பொருள் கிடைக்கிறது. ஆட்டிசம் உடையவர்களில் பலருக்கு இந்த வரிசை மாறியிருக்கிறது. முதலில் பொருள், அந்தப் பொருளின் வழியாய் ஆள்.

இதற்குக் காரணம் உண்டு. டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் ஆகிய மூவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு விளக்கம் தந்தார்கள். நம் கவனம் ஒரே நேரத்தில் பல வாய்க்கால்களில் ஓடுகிறது. ஆட்டிசம் உடையவர்களின் கவனமோ ஒரே வாய்க்காலில் வேகமாகவும் ஆழமாகவும் ஓடுகிறது என்பதே அதன் சாரம். ஆகவேதான் பறவைகளையோ, பழைய நாணயங்களையோ, பேருந்துத் தடங்களையோ பற்றி அவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதை, "ஒரே பல்லவி" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அதே பல்லவியை ஆவலோடு கேட்கும் ஒருவர் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அங்கேதான் சிநேகம் பிறக்கிறது.

கால்நடைகளுக்கான தொழுவங்களையும் நடைபாதைகளையும் வடிவமைத்துப் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் 1947-ல் பிறந்தவர், ஆட்டிசம் உடையவர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் தம்மைக் கேலிசெய்து வதைத்ததையும், குதிரைச் சவாரி, மின்னணுக் கருவிகள், மாதிரி ராக்கெட்டுகள் ஆகியவற்றில் ஈடுபாடுள்ள பிள்ளைகளிடம் மட்டுமே தமக்குச் சிநேகம் கிடைத்ததையும் அவர் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார். அங்கே எல்லாருடைய கண்களும் குதிரையின்மேல் இருந்தன, அவர்மேல் இல்லை. அதுவே அவருக்கு விடுதலையாயிற்று.

இன்று இத்தகைய இடங்கள் ஏராளம். இந்திய ரயில்களின் ரசிகர்கள் 1989-லேயே மின்னஞ்சல் வழியாய் ஒரு சங்கம் அமைத்தனர். பறவை நோக்குவோர் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் 2002-ல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கிவருகிறது. அதில் ஒவ்வொரு கட்டுரையையும் குறித்து எழுதிக் கலந்துபேச ஒரு பக்கம் உண்டு. இவை ஆட்டிசம் உடையவர்களுக்கென்று ஏற்பட்டவை அல்ல. ஆனால் இங்கெல்லாம், "கல்யாணம் ஆயிற்றா? சம்பளம் என்ன?" என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் படத்தில் இருப்பது எந்தப் பறவை, இந்த எஞ்சின் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது என்பதே கேள்வி. விடை தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆட்டிசம் உடையவர்களுக்கென்றே ஏற்பட்ட இடங்களும் உண்டு. 2004-ல் அலெக்ஸ் பிளாங்க், டேன் குரோவர் என்னும் அமெரிக்க இளைஞர்கள் இருவர் தங்கள் பதின்பருவத்திலேயே அப்படி ஓர் இடத்தை இணையத்தில் ஏற்படுத்தினார்கள்.

வேலையைக் குறித்த பேச்சு

விருப்பத்திற்கு அடுத்தபடியாக ஆட்டிசம் உடைய பெரியவர்கள் எழுதிப் பேசிக்கொள்வது வேலையைப் பற்றித்தான். வேலை தெரியாமல் அவர்கள் தவிப்பதில்லை. வேலையைச் சுற்றியுள்ள சொல்லப்படாத விதிகள் புரியாமல்தான் தவிக்கிறார்கள். "நேரம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று மேலதிகாரி சொன்னால், இன்று மாலைக்குள் முடிக்க வேண்டும் என்பது பொருள். சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறவர், நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பார். பிறகு ஏச்சு வாங்குவார். இதை வீட்டில் சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். எழுத்தில் பேசும் சிநேகிதரோ, "எனக்கும் அப்படி நடந்தது. இப்போதெல்லாம் நான், 'எந்தத் தேதிக்குள் வேண்டும்?' என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள்" என்று வழிகாட்டுவார்.

அலுவலக இரைச்சலில் காதடைப்பான் அணியலாமா? கட்டளைகளை எழுத்தில் தரும்படி எப்படி மரியாதையாகக் கேட்பது? நேர்முகத் தேர்வில் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் என்ன செய்வது? ஆட்டிசம் இருப்பதை நிர்வாகத்திடம் சொல்லலாமா, கூடாதா? இத்தகைய கேள்விகளுக்கு அனுபவப்பட்டவரே நல்ல ஆலோசகர். ஒருவருடைய வேலை இத்தகைய ஆலோசனையால் தப்பியது என்றால், ஒரு குடும்பத்தின் அடுப்பே தப்பியது என்று அர்த்தம்.

வேலை தருவோரும் மெல்ல மெல்லக் கற்றுவருகின்றனர். டென்மார்க்கின் தோர்கில் சோனே 2004-ல் ஆட்டிசம் உடையவர்களுக்கு வேலை தரும் ஸ்பெஷலிஸ்டெர்ன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நேர்முகத் தேர்வில் பேசவைத்து மதிப்பிடுவதற்குப் பதிலாக, லேகோ இயந்திரப் பொம்மைகளைக் கட்டி இயக்கச் செய்து திறமையைக் கண்டறிந்தார்கள். ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமாகிய எஸ்ஏபி, பெங்களூரில் ஆட்டிசம் உடையவர்களை மென்பொருள் சோதனையாளர்களாக அமர்த்திப் பார்த்தபின், 2013-ல் அத்திட்டத்தை மற்ற நாடுகளுக்கும் விரித்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அரசு வேலைகளில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட 4 சதவீதத்தில், ஆட்டிசம் உள்ளிட்ட சில வகையினருக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது.

குறை யாருடையது?

ஆட்டிசம் உடையவருக்குப் பிறரைப் புரிந்துகொள்ளத் தெரியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. இங்கிலாந்தின் டேமியன் மில்டன், தாமும் ஆட்டிசம் உடையவர், 2012-ல் ஒரு நேர்மையான கேள்வியை எழுப்பினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது, குறையை ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றுவது நியாயமா?

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்ப்டனும் அவரோடு உழைத்தவர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 72 பேர் பங்கேற்றனர். எட்டெட்டுப் பேராக வரிசைப்படுத்தி, முதல்வருக்கு ஒரு கதையைச் சொன்னார்கள். அவர் இரண்டாமவருக்கு, இரண்டாமவர் மூன்றாமவருக்கு என்று அது கைமாறியது. எல்லாரும் ஆட்டிசம் உடையவர்களாயிருந்த வரிசைகள், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைகளுக்குச் சற்றும் சளைக்காமல் கதையைக் கொண்டுசேர்த்தன. இரு சாராரும் கலந்த வரிசைகளில்தான் கதை அதிகமாகத் தேய்ந்தது. 300-க்கும் மேற்பட்டோருடன் நடத்தி 2025-ல் வெளியிட்ட பெரிய ஆய்விலோ, கலந்த வரிசைகளிலும் அந்தத் தேய்வு காணப்படவில்லை. கலந்த வரிசைகளைக் குறித்து முடிவுகள் மாறினாலும், ஒன்று நிலைத்திருக்கிறது: செய்தியைச் சொல்லவும் கேட்கவும் ஆட்டிசம் உடையவர்களுக்குத் திறன் இல்லை என்ற பேச்சு இரண்டு ஆய்வுகளிலும் பொய்த்துப்போயிற்று.

குடும்பத்தார் கவனத்திற்கு

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். "யாரோடு பேசுகிறாய்?" என்று விசாரணை செய்வதைவிட, "இன்று எதைப்பற்றிப் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். பொருளைக் கேட்டால் ஆள் தானாக வருவார்.

இரண்டாவது, அந்தச் சிநேகத்தைச் சிநேகம் என்றே அழையுங்கள். "கம்ப்யூட்டர் சிநேகிதன்" என்று பரிகசிக்காதிருங்கள். கோபம் வந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துத் தண்டிக்காதிருங்கள். அது மற்றொருவரை அவருடைய நண்பர்கள் எல்லாரிடமிருந்தும் ஒரே நாளில் பிரித்துவிடுவதற்குச் சமம்.

மூன்றாவது, நேரில் சந்திக்கும்படி அவசரப்படுத்தாதிருங்கள். சிலர் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திப்பார்கள். சிலர் ஒருபோதும் சந்திக்கமாட்டார்கள். இரண்டும் நல்லதே.

நான்காவது, தனிமைக்கு மருந்தாகத் திருமணத்தை எண்ணாதிருங்கள். ஆட்டிசம் உடையவர்கள் பலர் மணம் புரிந்து நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் அவருடைய விருப்பமறியாமலும், வரப்போகிறவரிடம் உண்மையை மறைத்தும் செய்யும் திருமணம் இரண்டு உயிர்களையும் தனிமையில் தள்ளிவிடும்.

ஐந்தாவது, பொருளற்ற அரட்டைக் குழுக்களில் சேர்த்துவிட்டுச் சிநேகம் வளரும் என்று எதிர்பாராதிருங்கள். உறவினரின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் வரும் ஐம்பது காலை வணக்கப் படங்கள் அவருக்கு இரைச்சலே. ஒரே விருப்பமுள்ள ஐந்து பேர் போதும்.

ஜாக்கிரதையும் வேண்டும்

எழுத்தின் வாசல் வழியே நல்லவர்கள் மட்டும் வருவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே நம்புகிற நேர்மையுள்ளவர்களை ஏமாற்றுவது வஞ்சகருக்கு எளிது. ஆகவே சில விதிகளைக் கூடி உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதப்பட்ட தெளிவான விதிகளை ஆட்டிசம் உடையவர்களில் பலர் நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள். பணம் கேட்கிறவருக்கு அனுப்புமுன் வீட்டில் ஒருவரிடம் சொல்லவேண்டும். வங்கி ரகசிய எண்ணை எவருக்கும் தரலாகாது. அந்தரங்கப் படங்களை அனுப்பலாகாது. "இதை யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கே சொல்லிவிடவேண்டும். முதன்முறை சந்திப்பதானால் பகலில், பொது இடத்தில், ஒருவர் துணையோடு சந்திக்கவேண்டும். பணமோசடி நடந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். ஏமாந்தவரைத் திட்டாதிருங்கள், திட்டினால் அடுத்தமுறை மறைத்துவிடுவார்.

எழுத்திலும் சண்டை வரும். குத்தல் பேச்சு வரும். சிநேகிதர் சொல்லாமல் விலகிப்போவதும் உண்டு. அந்தத் துக்கமும் மெய்யான துக்கமே. இரவுத் தூக்கம் கெடாதபடி நேர ஒழுங்கும் தேவை. உண்ணாமலும் உறங்காமலும், வாழ்வதில் சலிப்பு உண்டாகியும் ஒருவர் காணப்பட்டால், மனநல மருத்துவரைத் தாமதமின்றி நாடுங்கள். டெலி-மானஸ் என்னும் அரசின் இலவச மனநல ஆலோசனை 14416 என்ற எண்ணில், தமிழிலும் கிடைக்கிறது.

சபையார் என்ன செய்யலாம்?

நகரத்தில் குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சபையே ஊரும் உறவுமாக இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியும் முரசும் கைதட்டலும் நிறைந்த சிறிய மண்டபம், ஓசையைத் தாங்காத செவிகளுக்கு வேதனையாகும். அப்படிப்பட்டவர் வாசலோரம் அமர்ந்தாலோ, காதடைப்பான் அணிந்தாலோ, பாடல் வேளையில் வெளியே நின்றாலோ, அதை அசட்டை என்று எண்ணவேண்டாம். ஆராதனை முடிந்ததும் பத்துப் பேர் சூழ்ந்து கைகுலுக்குவதும் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு வணக்கம் போதும்.

அவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். ஒலிப்பதிவைக் கவனிப்பது, பாடல் வரிகளைத் திரையில் ஏற்றுவது, நூலகப் புத்தகங்களை வரிசைப்படுத்துவது, கணக்கேடுகளை ஒழுங்கு செய்வது என்று எத்தனையோ பணிகள் உண்டு. அதே பணியில் விருப்பமுள்ள இன்னொருவரைச் சேர்த்துவிட்டு, அவர்கள் குறுஞ்செய்தியில் பேசிக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். "வா, பேசு" என்று அழைத்தபோது வராத சிநேகம், "இந்த ஒலிவாங்கி ஏன் கரகரக்கிறது?" என்ற ஒரு கேள்வியில் வந்துவிடக்கூடும்.

"எங்கள் காலத்திற்குப் பின் யார்?" என்ற கேள்வி பெற்றோரின் நெஞ்சில் முள்ளாய் இருப்பதை அறிவோம். பணமும் வீடும் சேர்த்து வைக்கிறீர்கள், அவை தேவைதான். அவற்றோடுகூட, உங்கள் பிள்ளையின் சிநேகிதர்கள் இன்னார் என்று அவருடைய சம்மதத்தோடு அறிந்து வையுங்கள். அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் இருக்கட்டும். நோயிலோ துக்கத்திலோ, "நாங்கள் இருக்கிறோம்" என்று முதலில் எழுதப்போகிறவர் அவராகவே இருக்கலாம். இன்று மாலை அந்த அறைக் கதவை மெல்லத் தட்டுங்கள். உள்ளே போய், அந்தச் சிக்னல்களைப் பற்றி உங்களுக்கும் கொஞ்சம் சொல்லித்தரும்படி கேளுங்கள்.